தீர்க்கசுமங்கலி மார்க்

வெள்ளவத்தையில் நான் இருந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் அத்தான் வெளிக்கிட்டு வாசல் படலையைத் தாண்டும்வரை நான் குசினியை விட்டு வெளியே தலை காட்டக்கூடாது. அத்தான் என்றது என் கணவரின் தமையனை. புருஷனைப் பறிகொடுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்பது அவருடைய நம்பிக்கை. அவருடையது மட்டுமா, எங்கள் ஆட்கள் எல்லாருடையதும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயில் ஏறுகிறவர்கள் ஒடியலையும் முருங்கைக்காயையும் கட்டிக்கொண்டு வருவதுபோல முழிவியளத்தையும் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். வெளிக்கிடும்போது முதலில் கண்ணில் படுவது எதுவோ அதுதான் முழிவியளம். அன்றைய நாளின் நல்லது கெட்டது எல்லாம் அதன் தலையில்.

நான் குசினிக்குள் ஒடுங்கி நிற்பேன். அத்தான் சாமியறையில் திருநீறு பூசிக்கொண்டு, படங்களுக்குக் கீழே வைத்திருக்கும் ஒரு போத்தலைக் கையில் எடுப்பார். கூந்தல் தைலப் போத்தல். அதன் லேபலில் கூறைச்சேலையும் தலை நிறையப் பூவும் நெற்றியில் பொட்டுமாக ஒரு பெண் கதிரையில் உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தை நன்றாகப் பார்த்து, போத்தலை இரண்டு கண்ணிலும் ஒற்றி, பிறகுதான் செருப்பை மாட்டுவார். லேபலில் ‘தீர்க்கசுமங்கலி மார்க்’ என்று வளைத்து எழுதியிருக்கும்.

அந்தப் பெண் நான்தான். குசினிக்குள் நிற்கிறவளும் நான்தான்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு யாருடைய முகமாகவாவது இருந்திருந்தால்.

என் கணவர் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிளாக்கராக இருந்தார். கல்யாணம் கட்டி என்னைக் கூட்டிவந்து தமையன் வீட்டிலேயே ஓர் அறையில் குடிவைத்தார். இரண்டரை வருஷம். பிறகு நெருப்புக்காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. பிள்ளை இல்லை. ஊரில் என் அண்ணன் வீட்டில் ஏற்கனவே எட்டுப் பேர். ‘அங்கே வைத்திருக்கச் சம்மதமென்றால் அங்கேயே இரு’ என்று அண்ணன் கடிதம் போட்டார். அத்தான் சம்மதித்தார். சம்மதித்ததை அதற்குப் பிறகு ஒரு நாளாவது எனக்கு ஞாபகப்படுத்தாமல் அவர் சாப்பிட்டு எழும்பியதில்லை.

கணவருடைய படம் என்று என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. கல்யாணத்தன்று எடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த ஒரு படக்காரன் பெட்டியும் கறுப்புத் துணியுமாக ஊர் ஊராகத் திரிந்தான். என்னைக் கதிரையில் இருத்தி, அவரைக் கதிரைக்குப் பின்னால் நிறுத்தி எடுத்தான். ஒரு பிரதி தந்துவிட்டுத் தன் கண்ணாடித் தட்டுகளையும் அள்ளிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விட்டான். அந்தப் படம் என் பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில் இருந்தது. தினமும் எடுத்துப் பார்க்கிறவள் இல்லை நான். இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் வருஷத்து ஆட்டைத் திவசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அத்தான் வந்து கேட்டார்.

“பிள்ளை, அந்தப் படத்தைத் தா. கொட்டாஞ்சேனை அச்சுக்கூடத்திலை குடுத்துப் பெருப்பிச்சு, பிறேம் போட்டுக் கொண்டாறன். தம்பியின்ரை திவசத்துக்கு மாலை போடவேணும்.”

எடுத்துக் கொடுத்தேன். “பெரிய நன்றி அத்தான்” என்றும் சொன்னேன். மனமாரத்தான் சொன்னேன். அவருக்கு நான் என் வாயால் சொன்ன கடைசி நன்றி அதுதான்.

திவசம் படம் இல்லாமலே நடந்தது. அச்சுக்கூடத்தில் வேலை கூடிப்போச்சு என்றார். ஒரு பின்னேரம் றிக்‌ஷோவில் இரண்டு கட்டுகளோடு வந்து இறங்கினார். ஒன்றைப் பிரித்து மேசையில் பரப்பினார். ஆயிரக்கணக்கில் என் முகம். மற்றக் கட்டு வெட்டுக் கடுதாசி, அச்சுக்கூடத்துக் கழிவு. அதைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

“இந்தா, இது அடுப்புக்கு. எண்ணெய் காய்ச்ச உதவும்.”

எண்ணெய் காய்ச்சுகிறவள் நான். அக்காவுக்கு, அதாவது அத்தானின் மனைவிக்கு, பிள்ளை பெற்ற பிறகு தலைமயிர் கொட்டியது. தேங்காயெண்ணெயில் கையாந்தகரைச் சாறும் நெல்லியும் வெந்தயமும் போட்டு நான் காய்ச்சிக் கொடுத்ததில் நின்றது. அதுவரை கற்பூரமும் தேங்காயெண்ணெயும் விற்றுக்கொண்டிருந்த அத்தானுக்கு அதில் ஒரு வியாபாரம் தெரிந்தது. கெட்டிக்காரர், அதை மறுக்கமாட்டேன். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று சனம் பார்ப்பதில்லை, போத்தலுக்கு மேல் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கும் என்று அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்தவர். வியாபாரம் ஏற ஏற நெல்லி குறைந்தது, வெந்தயம் நின்றது, பச்சைச் சாயமும் வாசனையும் வந்தன. லேபல் மட்டும் மாறவில்லை. அவருடைய தலையிலோ மருந்துக்கும் ஒரு மயிர் இல்லை. தன் தைலத்தை அவர் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததுமில்லை.

“படத்திலை மற்றப் பாதி எங்கை, அத்தான்?” என்று அன்றே கேட்டேன்.

“அச்சுக்கூடத்திலை கிடக்கும். வாங்கித் தாறன்.”

ஒவ்வொரு மாதமும் கேட்டேன். ஒவ்வொரு மாதமும் கிடந்தது.

இதற்கிடையில் எனக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. பத்திரிகையில் விளம்பரம் போட நற்சாட்சிக் கடிதங்கள் வேண்டும். யார் எழுதுவார்கள்? வத்தளையிலிருந்து ஓர் ஆசிரியையாக எழுதினேன். ஹெவ்லொக் டவுனிலிருந்து நாலு பெண்பிள்ளைகளின் தாயாக எழுதினேன். கையெழுத்து ஒன்றுபோல் இருக்கக்கூடாது என்று சிலதை இடக்கையால் எழுதினேன். ‘தங்கள் தைலத்தால் என் வாழ்வே மலர்ந்தது. தங்களுக்கு என் இதயபூர்வமான நன்றி’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேனோ தெரியாது. வேடிக்கை என்னவென்றால், எழுதி முடித்த கடிதத்தை அத்தான் உரக்க வாசிப்பார். வாசிக்க வாசிக்க அவருக்குக் கண் கலங்கும்.

“எவ்வளவு நன்றியுள்ள சனம் பார் பிள்ளை” என்பார் என்னைப் பார்த்து. மை இன்னும் காயாத கை என்னுடையது.

கடையிலும் அப்படித்தான். ஒரு சதத்துக்குக் கற்பூரம் வாங்குகிற சின்னப்பிள்ளைக்கும் மிச்சக் காசைக் கையில் வைத்து, “மெத்த நன்றி, திரும்பவும் வாங்கோ” என்பார். வாடிக்கையாளர்களுக்கு வருஷப்பிறப்பில் பத்திரிகையில் பெட்டி கட்டி நன்றி சொல்வார். குசினிக்குள் வந்தால் மட்டும் அந்தச் சொல் மற்றப் பக்கம் திரும்பிவிடும். அது நான் அவருக்குத் தரவேண்டிய ஒன்றாகிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஓர்டர் பிடிக்கக் கண்டிக்குப் போனார். நான் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, றிக்‌ஷோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தனியாக நான் போன முதல் பயணம் அது. அச்சுக்கூடம் ஒரு ஒடுங்கிய தெருவில் இருந்தது. முதலாளி கத்தோலிக்கர், வயது ஐம்பது இருக்கும், விரலெல்லாம் மை. அந்தோனியார் கோயிலுக்குப் போகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பூட்டைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார். என் முகத்தை அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

“மற்றப் பாதியா? அத நாங்க வீசல்ல அம்மா” என்றார். “செத்தவங்க படத்த வீசுறது பாவம். அண்டைக்கு வெட்டுக் கடுதாசிக் கட்டு ஒண்டு ஐயா கேட்டு வாங்கினார். அதுக்கு மேல வச்சு, ‘ஐயா, படம் உள்ளுக்க இருக்கு, கவனம்’ எண்டு சொல்லித்தான் கட்டிக் குடுத்தேன்.”

அந்தக் கட்டை நான் மூன்று நாள் அடுப்பில் வைத்திருந்தேன். மேலே இருந்ததை முதலில் வைத்திருப்பேன். கைநிறைய அள்ளி, பார்க்காமல், விறகுக்கு அடியில் செருகி, ஊதி ஊதி எரித்திருப்பேன்.

அவர் ஒரு வாங்குப் பலகையில் என்னை இருத்தித் தண்ணீர் தந்தார்.

“அந்தோனியாரக் கேளுங்க அம்மா. காணாமப் போனதக் கண்டுபிடிச்சுத் தருவார்.”

“எரிஞ்சு போனதையும் தருவாரோ?”

அவர் கதவைப் பூட்டினார். அவர் முன்னே போக நான் பின்னால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தேன். திருநீற்றோடு போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். சுற்றிவர எல்லாரும் தொலைந்ததைக் கேட்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் என் கணவரைக் கேட்கவில்லை. அத்தான் நாசமாய்ப் போகவேண்டும் என்று கேட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் அத்தானுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

“நீங்கள் அடுப்புக்குத் தந்த கட்டுக்குள்ளை அவர்ரை படம் இருந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்றது. பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“தெரியும் பிள்ளை. ஒரு நல்ல காரியம் துவங்கேக்கை செத்தவன்ரை முகம் வீட்டிலை கிடக்கப்படாது. என்ரை கையாலை நெருப்பிலை போடேலுமே? கூடப்பிறந்தவன். அதுதான் உன்னட்டைத் தந்தனான்.”

“நான் கட்டினவள்.”

“நீ பார்க்காமல்தானே போட்டனி. பிறகென்ன?” மோரைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். “தம்பி உனக்கு விட்டிட்டுப் போனது என்ன? ஒண்டுமில்லை. நான் உன்ரை முகத்தைக் கொழும்பு முழுக்கக் கொண்டுபோய் வைச்சிருக்கிறன். கொஞ்சம் நன்றியோடை இருக்கப் பழகு.”

அன்றைக்கு நான் அழவில்லை. அவருடைய எச்சில் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன். கழுவும்போதே தீர்மானித்துவிட்டேன். இந்த மனிசனை அவர் எதை நம்புகிறாரோ அதாலேயே அடிக்கவேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. அதற்கு ஏழு மாதம் பிடித்தது.

ஏழு மாதத்தில் அத்தான், காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியில் பெரிய கடை எடுத்தார். கடை வாசலுக்கு மேல் பத்தடி உயரத்தில் போர்ட். அதில் நான். சாயக்காரன் எனக்கு மூக்குத்தியும் வைத்து, பொட்டை ஐம்பது சதக் காசளவு வரைந்திருந்தான். திறப்புவிழா ஒரு திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் துவங்கிவிடும் என்பதால் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் குத்துவிளக்கு ஏற்ற நாள் வைத்தார்கள். புறக்கோட்டை ஏஜண்டுமார், மலைநாட்டுக் கடைக்காரர், வெள்ளவத்தையில் கந்தோர் உத்தியோகம் பார்க்கிறவர்களின் மனைவிமார் எல்லாருக்கும் அழைப்புப் போனது. முதல் போத்தலை ஒரு சுமங்கலி கையால் வாங்கவேண்டுமென்று அக்காவுக்கு மாம்பழ நிறத்தில் பட்டு எடுத்தார்கள். எனக்கு வழக்கமான உத்தரவு வந்தது. குசினி.

அன்று காலை ஆறே காலுக்கு அத்தான் போத்தலை எடுத்தார், பார்த்தார், ஒற்றினார், செருப்பை மாட்டினார். நான் குசினிப் பக்கத்துக் கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றி ஓடி, படலைக்கு நேரே போய் நின்றேன். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அத்தான் படியிலேயே நின்றுவிட்டார். முகத்தில் இருந்த சந்தனம் தவிர மற்றதெல்லாம் கறுத்தது. உள்ளே திரும்பினார். அபசகுனம் கண்டால் திரும்பிப்போய், இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படவேண்டும். அதுவும் சட்டம்தான். செம்பு வைக்கிற சத்தம் கேட்டது. மறுபடி வந்தார். நான் அங்கேதான் நின்றேன்.

“விசரோ உனக்கு? உள்ளை போ” என்றார் அக்கா.

“போறன் அக்கா. அவர் போகட்டும்.”

மூன்றாந்தரம் கடற்கரைப் பக்கத்துப் பின்படலையால் போகப் பார்த்தார்கள். குசினியிலிருந்து பின்படலை பத்தடி தூரம்கூட இல்லை. எட்டு வருஷமாகக் குசினிக்குள் இருந்தவளுக்கு அந்த வழியைச் சொல்லித் தரவேண்டுமா? அவர்கள் கொக்கியைத் தூக்கும்போது நான் வெளியே, தண்டவாளத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அத்தான் மறுபடி தண்ணீர் குடிக்கப் போனார். எத்தனை செம்பு தண்ணீர்தான் ஒரு மனுஷன் குடிக்கலாம்? கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போக, குருடனைப்போல ஒழுங்கைச் சந்து வழியே நடந்து போனார். அப்போது ஏழே முக்கால். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் ராகுகாலத்தில் வியாபாரத்துக்குப் போனார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. பொய் சொல்லமாட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. பின்னாலேயே காலி வீதிக்குப் போனேன். கடை வாசலில் போர்ட்டுக்கு நேர்கீழே நின்றேன். முதலில் கண்டது புறக்கோட்டையிலிருந்து வந்த முஸ்லிம் ஏஜண்ட். என்னைப் பார்த்தார், அண்ணாந்து போர்ட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“தங்கச்சி, நீங்கதானே மேல ஈக்கிற? போத்தல்ல ஒங்கட மொகத்தப் பாத்துப் பாத்து நம்ம ஊட்டுப் புள்ள மாதிரி ஆயிட்டீங்க. மாப்புள வரல்லயா?”

எட்டு வருஷத்தில் கொழும்பில் ஒருவர் என்னை முகத்துக்கு நேரே பார்த்துச் சந்தோஷப்பட்டது அதுதான். அதற்காகவாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் உள்ளே குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அத்தான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவர் செத்துப்போனார், நானா” என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. “இவர் அவர்ரை தமையன். என்ரை கலியாணப் படத்திலை பின்னாலை நிண்டவரை வெட்டி, எனக்கே தெரியாமல் என்ரை கையாலை அடுப்பிலை போடுவிச்சவர். நான் காலமையிலை இவருக்கு முன்னாலை வரப்படாது. நீங்கள் தலைக்கு வைக்கிறது என்னைத்தான்.”

ஏஜண்ட் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒரு கந்தோர்க்காரரின் மனைவி கையிலிருந்த போத்தலை மெதுவாக மேசையில் திருப்பி வைத்தார். வைத்துவிட்டு, உள்ளங்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். ஒவ்வொருவரும் துடைத்தார்கள். அவர்கள் துடைத்தது என்னைத்தான் என்று எனக்குத் தெரியும். அது சுட்டது. நான் அபசகுனம் என்பதை நானே ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டு, அதையே ஒரு பொல்லுத்தடியாக எடுத்து அடித்திருக்கிறேன். அடி விழுந்தது. என் கையிலும் விழுந்தது. இருந்தாலும் அத்தான் முகத்தைப் பார்த்தபோது, இன்னொருதரம் அடிக்கலாம்போலத்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வத்தளை, கண்டி எல்லா இடத்திலிருந்தும் போத்தல்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. அத்தான் ஆள் வைத்துத் தண்ணீரில் ஊறவைத்து லேபல்களைக் கழற்றினார். மிச்சமிருந்த புது லேபல் கட்டுகளையும் கொண்டுவந்து குசினி வாசலில் போட்டார்.

“எரி” என்றார். அதற்கு மேல் என்னோடு கதைக்கவில்லை.

எரித்தேன். மூன்று நாள் எரித்தேன். என் முகம் ஆயிரம் ஆயிரமாகச் சுருண்டு கறுத்துப் போவதை வாங்கில் இருந்து ஆறுதலாகப் பார்த்தேன். நாலாம் நாள் என் பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அச்சுக்கூட முதலாளி கடுதாசி மடிக்கிற, தைக்கிற வேலை தந்தார், பின்னால் ஓர் அறையும் தந்தார். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நன்றியும் எதிர்பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, அவருக்கு நான் தினமும் சொன்னேன்.

ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் அவர் யாரோ ஒருவருடைய படத்தில் பின்னால் நின்ற ஆளை மறைத்து அச்சுக்கான உலோகப் பிளாக் செய்யத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“உங்கட படத்திலயும் இந்தக் கரச்சல்தான் அம்மா. ஆள வெட்டியாச்சு, கதிர மேல வச்ச வெரல வெட்ட ஏலாது. வெட்டினா கதிர போயிடும். தேச்சு எடுக்க வேற காசு கேட்டேன். ஐயா, ‘ஆருக்குத் தெரியப்போகுது, விடு’ எண்டுட்டார்.”

“எந்த விரல்?”

“ஐயாட தம்பிட வெரல்தான். லேபல்ல கதிர மூலையில நாலு வெரல் இருந்துச்சே. நீங்க காணல்லயா?”

நான் காணவில்லை. எத்தனை ஆயிரம் லேபலை என் கையால் பசை பூசி ஒட்டியிருக்கிறேன். என் முகத்தைப் பார்க்கக் கூசி, தலைகீழாக வைத்து, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒட்டியிருக்கிறேன். மூலையில் இருந்ததைக் கதிரையின் சித்திர வேலை என்று நினைத்திருப்பேன். என் கணவருடைய முகத்தை முதலில் தெரியாமல் எரித்தேன். பிறகு மிச்சமிருந்த விரல்களையும் பழிவாங்கின சந்தோஷத்தில், வாங்கில் இருந்துகொண்டு எரித்தேன்.

பிளாக்கோ படத்தில் என் பாதியோ இருக்கிறதா என்று கேட்டேன். பாதிப் படம் பிளாக் செய்யும்போதே மை பட்டுப் பழுதாகிப் போனதாம். பிளாக்கை அத்தான் வந்து வாங்கிப்போய்ப் பழைய உலோகக்காரனுக்கு விற்றுவிட்டாராம்.

அன்றிலிருந்து அந்த லேபல் ஒட்டிய ஒரு போத்தலாவது கிடைக்குமா என்று தேடத் துவங்கினேன். கொச்சிக்கடையில் துறைமுகத்து ஆட்கள் சாமான் வாங்கும் கடைகளில், வத்தளைக்கு பஸ் ஏறிப் போய் அங்கே உள்ள கடைகளில், தூசி பிடித்த தட்டுகளின் பின்பக்கமெல்லாம் பார்த்தேன். புறக்கோட்டை ஏஜண்டிடமும் போனேன். அவர் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

“ஒண்டும் இல்ல தங்கச்சி. எல்லாத்தயும் திருப்பி அனுப்பினோமே. நீங்க அண்டைக்குப் பேசின பேச்சுக்குப் பொறகு யாரு வச்சிக்கிட்டு ஈப்பாங்க?”

செய்கிற வேலையை நான் எப்போதும் அரைகுறையாகச் செய்வதில்லை.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு எங்கள் ஆட்கள் பாதிப் பேர் ஊருக்கு ஓடினார்கள். அக்காவும் பிள்ளைகளும் போய்விட்டார்கள், அத்தான் மட்டும் வெள்ளவத்தை வீட்டில் இருந்து பழையபடி கற்பூரம் விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தபோதுதான் திடீரென்று யோசனை வந்தது. அத்தான் முழிவியளம் பார்ப்பதை விடுகிற ஆளா? அந்த முகத்தைப் பார்த்துப் போன நாட்களில்தான் அவருக்குக் காசு கொட்டியது. சாமியறைப் போத்தலை அவர் என்னிடம் எரிக்கத் தரவில்லையே.

அடுத்த நாள் முதல் ரயிலில் போனேன். படலைக்குப் போகவும் அவர் செருப்போடு வெளியே வரவும் சரியாக இருந்தது. மெலிந்திருந்தார். என்னைக் கண்டு நின்றார். உள்ளே போனார். செம்புச் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். பிறகு உள்ளேயிருந்து கூப்பிட்டார், போனேன்.

“என்னத்துக்கு வந்தனி?”

“போத்தலுக்கு.”

“எந்தப் போத்தல்?”

“இப்ப கண்ணிலை ஒற்றிப்போட்டு வந்தனீங்களே, அந்தப் போத்தல்.”

எதற்கு என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன். கேட்கவில்லை. சாமியறைக்குப் போய் எடுத்துவந்தார். சந்தனமும் எண்ணெயும் ஊறி லேபல் பழுப்பேறியிருந்தது. நான் கதிரை மூலையை மட்டும் பார்த்தேன். இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவில், நாலு விரல்.

“தாறன்” என்றார். போத்தலை நீட்டவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். “தரமாட்டன் எண்டு சொல்லேல்லை. நீ என்னை நடுத்தெருவிலை விட்டனி. அதை விடு. இத்தனை வருசம் சோறு போட்டனான். உன்ரை வாயாலை ஒருக்கா நன்றி எண்டு சொல்லிப்போட்டுக் கொண்டுபோ. எனக்கு அது காணும்.”

சொல்லியிருப்பேன். அந்த நாலு விரலுக்காக அதைவிடக் கேவலமானதையும் சொல்லியிருப்பேன். தொண்டைவரை வந்துவிட்டது. வத்தளை ஆசிரியையாகவும் ஹெவ்லொக் டவுன் தாயாகவும் எத்தனை தரம் எழுதிய சொல். ஆனால் அவருடைய மேசையைப் பார்த்தேன். அதில் தராசும் சில்லறைப் பெட்டியும் இருந்தன.

“விலை என்ன அத்தான்?”

“அறுபத்தைஞ்சு சதம்” என்றார்.

கேட்டால் விலை சொல்கிற நாக்கு. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வாய் திறந்தபடி இருந்தது. நான் ஒரு ரூபாயை மேசையில் வைத்தேன்.

“மிச்சம் தாங்கோ.”

அவருடைய கை தானாகப் பெட்டிக்குள் போயிற்று. முப்பத்தைந்து சதத்தை எண்ணி எடுத்து, போத்தலோடு சேர்த்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“மெத்த நன்றி” என்றார். “திரும்பவும்...” அதோடு நிறுத்திவிட்டார்.

நான் மிச்சக் காசை முடிந்துகொண்டு வந்துவிட்டேன். கொட்டாஞ்சேனை அறையில் ஒரு சட்டித் தண்ணீரில் போத்தலை ஊறவைத்து, லேபலைக் கிழியாமல் உரித்துக் காயவிட்டேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து என் முகத்தை வெட்டினேன். பூவையும் பொட்டையும் கூறைச்சேலையையும் வெட்டி, அடுப்பில் போட்டேன். இந்தத் தடவை பார்த்துத்தான் போட்டேன். கதிரை மூலையையும் நாலு விரலையும் வைத்திருக்கிறேன். அடுத்த நாள் காலை அத்தான் எதைப் பார்த்து வெளிக்கிட்டாரோ, எனக்குத் தெரியாது.